எக்ஸ்-மென்: எங்கே தொடங்கினாலும் இடிக்கிறதா? அறிகுறி பார்த்து வழி

பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட மனிதர்கள், அதாவது மியூட்டன்ட்கள், அவர்களின் அணிதான் எக்ஸ்-மென். மார்வெல் கம்பெனியின் இந்தக் காமிக்ஸ் 1963-இல் வரத் தொடங்கியது. இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆசையோடு கையில் எடுத்து, நாலு பக்கம் புரட்டி, மூடி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒவ்வொருவர் சொல்லும் காரணமும் வேறு. ஒருவருக்குப் பழைய இதழ் அலுப்பு. ஒருவர் வாங்கிய புத்தகத்தில் கதை பாதியில் அறுந்துவிட்டது. இன்னொருவர், “செத்துப்போன பொண்ணு எப்படிங்க திரும்ப வந்தா?” என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை. நோய் வேறென்றால் மருந்தும் வேறு. அதனால் எல்லோருக்கும் ஒரே பட்டியல் கொடுக்காமல், என்ன தொந்தரவு என்பதை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற பகுதிக்கு நேரே போகலாம்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நம்மில் பலர் இரும்புக்கை மாயாவி, டெக்ஸ் வில்லர் என்று படித்து வளர்ந்தவர்கள். புத்தகம் எடுத்தால் பெரும்பாலும் அதிலேயே கதை முடியும். எக்ஸ்-மென் அந்த ஜாதி இல்லை, அது மெகா சீரியல். சீரியலை முதல் எபிசோடிலிருந்து யார் பார்த்தார்கள்? பாட்டி வீட்டுக்குப் போன அன்று ஓடிக்கொண்டிருந்த எபிசோடில் உட்கார்ந்து, “இவ யாரு, ஏன் அழறா?” என்று கேட்டுக் கேட்டுத்தானே பிடித்துக்கொண்டோம். இங்கேயும் அதேதான். எழுதியவர்களுக்கும் அது தெரியும். சில வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு கதாசிரியர் வந்து புதியவர்களுக்காக ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். அந்த வாசல்கள் எங்கே என்பதுதான் கீழே வருவது. கதையின் சில திருப்பங்களைச் சொல்லாமல் விளக்க முடியாது. அப்படி வரும் இடத்தில் முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

“1963-இன் முதல் இதழிலிருந்து தொடங்கினேன். பத்து இதழ் தாண்டவில்லை.”

இதுதான் அதிகம் கேட்கிற புகார். குற்றம் உங்கள் மேல் இல்லை.

கதாசிரியர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் தொடங்கிய முதல் அணியில் ஐந்து பேர்: சைக்ளாப்ஸ், பீஸ்ட், ஏஞ்சல், ஐஸ்மேன், ஜீன் கிரே. வில்லன் மேக்னீட்டோ முதல் இதழிலேயே வந்துவிடுகிறார். மியூட்டன்ட்களை வேட்டையாடும் சென்டினல் எந்திரங்கள் 14-ஆம் இதழில் வருகின்றன. கதையின் விதைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் விதையைத் தின்று பசியாற முடியாது. நீங்கள் சினிமாவில் பார்த்த உல்வரின், ஸ்டார்ம், நைட்கிராலர் யாரும் அதில் கிடையாது. கிர்பி சீக்கிரம் விலகிவிட்டார். விற்பனையும் சரிந்தது. 66-ஆம் இதழோடு 1970-இல் புதுக் கதைகளே நின்றுபோயின. 67 முதல் 93 வரை வந்தவை எல்லாம் பழைய கதைகளின் மறுபதிப்பு. வெளியிட்டவர்களே ஐந்து வருடம் கைவிட்ட தொடரை நீங்கள் பத்து இதழோடு வைத்துவிட்டதில் தப்பென்ன?

வழி: நேரே 1975-க்குத் தாவுங்கள். ‘ஜெயண்ட்-சைஸ் எக்ஸ்-மென்’ முதல் இதழ், எழுதியவர் லென் வீன், வரைந்தவர் டேவ் காக்ரம். பழைய அணி ஒரு தீவில் சிக்கிக்கொள்ள, அணியை உருவாக்கிய பேராசிரியர் சேவியர் உலகம் முழுக்க அலைந்து புது ஆட்களைத் திரட்டுகிறார். கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஜெர்மனியிலிருந்து நைட்கிராலர், சோவியத் ரஷ்யாவிலிருந்து கொலோசஸ். முந்தைய வருடம் ஹல்க் கதையில் தலைகாட்டிய உல்வரினும் இங்கேதான் அணியில் சேர்கிறார். ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்துவைத்துத்தான் கதை நகர்கிறது. புதியவர்களுக்காகத் திறந்த வாசல் என்றால் இதுதான்.

அதன்பின் 94-ஆம் இதழைப் பிடியுங்கள். அங்கிருந்து கிறிஸ் கிளேர்மான்ட் எழுதத் தொடங்கினார். 1991 வரை, பதினாறு வருடத்துக்கும் மேல் நிறுத்தவில்லை. இன்றைக்கு எக்ஸ்-மென் என்றால் நம் நினைவுக்கு வருவதில் பெரும்பங்கு அவர் கட்டியது. 108-ஆம் இதழில் ஜான் பர்ன் ஓவியராகச் சேர்ந்ததும் கதை வேறு உயரத்துக்குப் போகிறது.

சரியான இடத்தில் நிற்கிறீர்களா என்று பார்க்க ஒரு சோதனை: 95-ஆம் இதழ் முடிந்ததும் மனம் கொஞ்சமாவது கனக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவரை அங்கேயே இழந்துவிடுகிறோம். யார் வேண்டுமானாலும் போகலாம் என்ற பயத்தை இரண்டாவது அடியிலேயே விதைத்துவிட்டார்கள்.

அறுபதுகளை முழுக்க ஒதுக்கிவிடவும் வேண்டாம். பின்னால் ஒருநாள் 56-ஆம் இதழிலிருந்து திறந்து பாருங்கள். ராய் தாமஸ் எழுத, நீல் ஆடம்ஸ் வரைந்த அந்தக் கடைசிக் காலத்து இதழ்களின் பக்க அமைப்பு இப்போது பார்த்தாலும் பழசாகத் தெரியாது.

“ஒன்றாம் எண் போட்டிருந்ததைத்தான் வாங்கினேன். கதை நடுவிலிருந்து தொடங்குகிறது.”

இதில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு பழைய புத்தகக் கடையில் ‘எக்ஸ்-மென் 1’ என்று போட்ட இதழ் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அறுபது வருடத்துப் புதையல் கைக்கு வந்ததாக நினைத்து வீட்டுக்கு ஓடிவந்தேன். திறந்தால் முதல் பக்கத்திலிருந்தே எல்லோரும் எல்லோரையும் தெரிந்தவர்களாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் மட்டும் கல்யாண வீட்டில் யாரையும் தெரியாமல் நிற்கிற விருந்தாளி.

அது 1991-இன் ஒன்றாம் எண். கிளேர்மான்ட் எழுதி, ஜிம் லீ வரைந்தது. ஐந்து வெவ்வேறு அட்டைகளோடு வந்து, 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போய், கின்னஸ் புத்தகத்தில் ஏறிய இதழ். அதனால்தான் பழைய கடைகளில் அது இன்னும் கிடைக்கிறது, விலையும் ஏறவில்லை. எண் புதிது, கதை பழையதன் தொடர்ச்சி. சொல்லப்போனால் கிளேர்மான்ட் தன் நெடும்பயணத்தை முடித்துக்கொண்டு விடைபெற்ற கதை அது. மூன்றாம் இதழோடு அவர் போய்விட்டார். முடிவுரையை முன்னுரை என்று நினைத்துப் படித்திருக்கிறேன்.

விற்பனை மந்தமானால் எண்ணை அழித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் வழக்கம். ‘எக்ஸ்-மென்’ என்ற பெயரில் மட்டும் 1963, 1991, 2010, 2013, 2019, 2021, 2024 என்று ஒன்றாம் எண்கள் இருக்கின்றன. ‘அன்கேனி எக்ஸ்-மென்’ என்பது அந்த 1963 தொடரே பின்னால் சூடிக்கொண்ட பெயர். அது 544 வரை ஓடிவிட்டு 2011-இல் மறுபடி ஒன்று என்று எண்ணத் தொடங்கியது. 2013, 2016, 2018, 2024-இலும் அதே கதை.

வழி எளிது. எண்ணைப் பார்க்காதீர்கள், வருடத்தையும் கதாசிரியர் பெயரையும் பாருங்கள். யாராவது “எக்ஸ்-மென் ஒன்றாம் எண்ணிலிருந்து படி” என்றால், “எந்த வருடத்து ஒன்று?” என்று திருப்பிக் கேளுங்கள். கதாசிரியர் மாறும் இடம்தான் உண்மையான தொடக்கம். எண் மாறும் இடம் பெரும்பாலும் கடைக்காரருக்கான தொடக்கம்.

“பழைய கதைதான் நல்லதென்று சொன்னார்கள். படத்தைவிட எழுத்து அதிகம், தூக்கம் வருகிறது.”

உண்மைதான், கிளேர்மான்ட் நிறைய எழுதுவார். ஒரு கட்டத்தில் பறந்துகொண்டே ஒருவர் நாற்பது வார்த்தை பேசுவார். அவர் எப்படிப் பறக்கிறார் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு இதழிலும் உல்வரினின் எலும்பில் என்ன உலோகம், சைக்ளாப்ஸ் ஏன் கண்ணாடி போட்டிருக்கிறார் என்று மறுபடி மறுபடி வரும்.

ஏன் இப்படி? அன்றைக்கு இந்த இதழ்கள் பெட்டிக்கடை மாதிரியான சாதாரணக் கடைகளில் பத்திரிகைகளோடு தொங்கின. போன மாதத்து இதழை வாங்கியவருக்கு இந்த மாதத்து இதழ் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தொகுப்பு நூல்கள் அப்போது பரவவில்லை. அதனால் ஒவ்வொரு இதழும் புதிதாக வருகிறவருக்கு எல்லாவற்றையும் விளக்கியாக வேண்டும். நீங்கள் குறையாக நினைக்கிற அந்தத் திரும்பத் திரும்பச் சொல்லல்தான் உங்களைப் போன்ற புதியவருக்காகச் செய்த ஏற்பாடு. கட்டத்தின் அடியில் சின்ன எழுத்தில் “இது இத்தனையாம் இதழில் நடந்தது” என்று ஆசிரியர் குறிப்பும் இருக்கும். அதைப் பார்த்ததும் பழைய இதழைத் தேடி ஓடாதீர்கள். தகவல் அவ்வளவுதான், படித்துவிட்டு நகருங்கள்.

தொந்தரவு பெரும்பாலும் வேகத்தில் இருக்கிறது. மாதம் ஒன்றாகப் படிக்க எழுதியதை ஒரே ராத்திரியில் பத்து இதழ் படித்தால் பாயசத்தை அண்டாவோடு குடித்த மாதிரி திகட்டத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று வைத்துக்கொண்டபோதுதான் பிடிபட்டது.

இதற்கு மேலும் பொறுமை இல்லையா? 129-ஆம் இதழுக்குப் போய்விடுங்கள். 1980 ஜனவரி இதழ். கிட்டி பிரைட் என்ற பதின்மூன்று வயதுப் பெண் அதில்தான் அறிமுகம். அவளுக்கும் எக்ஸ்-மென் பற்றி ஒன்றும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவள் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். ‘டார்க் ஃபீனிக்ஸ்’ கதையும் அதே இதழில்தான் சூடு பிடிக்கிறது.

இதிலே யாரும் அதிகம் சொல்லாத ஒரு குறுக்குவழி உண்டு. 138-ஆம் இதழில் சைக்ளாப்ஸ் ஒரு கல்லறை முன் நின்று அதுவரை நடந்த எல்லாவற்றையும் நினைத்துப் பார்க்கிறார். 1963 முதல் அன்றுவரையிலான மொத்தக் கதையும் ஒரே இதழில் சுருக்கமாக ஓடிவிடுகிறது. பழைய 60 இதழ்களைப் படிக்க நேரமில்லை என்பவருக்கு இது ஒன்று போதும். ஆனால் 137-ஐப் படித்த பின் படியுங்கள், முன்னால் படித்தால் நெஞ்சில் அடிக்க வேண்டியது வெறும் செய்தியாகப் போய்விடும்.

“தொகுப்பு வாங்கினேன். கதை பாதியில் அறுந்து, அடுத்த பக்கத்தில் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது.”

கிராஸ்ஓவர் வியாதி. ஒரே கதையைப் பல தொடர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். 1986-இல் வந்த ‘மியூட்டன்ட் மேசகர்’ இதன் தொடக்ககால உதாரணம். அன்கேனி எக்ஸ்-மென், எக்ஸ்-ஃபேக்டர், நியூ மியூட்டன்ட்ஸ் மூன்றிலும் ஓடி, நடுவில் தோர், பவர் பேக், டேர்டெவில் இதழ்களிலும் தலை நீட்டியது. அது நன்றாக விற்றதும் கம்பெனிக்கு ருசி கண்டுவிட்டது. பின்னால் ஏறத்தாழ வருடத்துக்கு ஒன்று என்று வரிசையாக வந்தன.

வழி: தொடரின் பெயரில் வாங்காதீர்கள், நிகழ்வின் பெயரில் வாங்குங்கள். ‘இன்ஃபெர்னோ’ வேண்டுமென்றால் அந்தப் பெயரிலேயே எல்லாத் தொடரின் இதழ்களையும் வரிசைப்படுத்திப் போட்ட தொகுப்பு இருக்கிறது. ஒரு எச்சரிக்கை, இன்ஃபெர்னோ என்ற பெயரில் 1989-இல் ஒரு கதை, 2021-இல் ஜோனதன் ஹிக்மன் என்ற கதாசிரியர் எழுதிய வேறொரு கதை. மறுபடியும் வருடத்தைப் பாருங்கள்.

1995-இன் ‘ஏஜ் ஆஃப் அபோகலிப்ஸ்’ தனி ரகம். சேவியர் இளவயதிலேயே செத்துவிட்டால் உலகம் என்ன ஆகும் என்பது கதை. அதற்காக எல்லாத் தொடர்களின் பெயரையுமே நான்கு மாதத்துக்கு மாற்றினார்கள். உல்வரின் தொடர் ‘வெப்பன் எக்ஸ்’ ஆனது, கேபிள் தொடர் ‘எக்ஸ்-மேன்’ ஆனது. இதை உதிரியாகச் சேர்க்கப் போனால் பைத்தியம் பிடிக்கும். தொகுப்பாக மட்டும் படியுங்கள். தொடக்கநிலை வாசகருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தலைகீழான உலகத்தை ரசிக்க நேரான உலகம் முதலில் பழகியிருக்க வேண்டும்.

“செத்தவர் எப்படித் திரும்பி வந்தார்?”

திருப்பங்கள் வருகின்றன. டார்க் ஃபீனிக்ஸ் படிக்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

கேள்வி பெரும்பாலும் ஜீன் கிரே பற்றித்தான் இருக்கும். 1980-இல் 137-ஆம் இதழில் அவள் சாகிறாள். முதலில் கிளேர்மான்டும் பர்னும் அவளைச் சாகடிக்க நினைக்கவில்லை. சக்தியை மட்டும் பறித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதாகத்தான் முடிவு. ஆனால் இரண்டு இதழ் முன்னால் அவள் ஒரு சூரியனை விழுங்கி, அதைச் சுற்றிய கிரகத்தில் வாழ்ந்த 500 கோடி உயிர்களை அழித்திருந்தாள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர், அவ்வளவு பெரிய பாவத்துக்குத் தண்டனை இல்லாமல் எப்படி என்று நின்றார். கடைசிப் பக்கங்கள் மாற்றி வரையப்பட்டன. கைவிட்ட அந்தப் பழைய முடிவும் 1984-இல் தனியாக அச்சில் வந்தது. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஷூட்டர் கட்டாயப்படுத்தியதுதான் கதையைக் காப்பாற்றியது.

அப்புறம் 1986. பழைய ஐந்து பேரையும் வைத்து ‘எக்ஸ்-ஃபேக்டர்’ என்ற புதுத் தொடர் தொடங்க ஜீன் தேவைப்பட்டாள். செத்தது அவள் இல்லை, அவள் உருவை எடுத்துக்கொண்ட ஃபீனிக்ஸ் சக்தி. நிஜ ஜீன் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சமாளித்தார்கள். இந்த யோசனை கர்ட் பியூசிக் ரசிகராக இருந்த காலத்தில் பேச்சுவாக்கில் உதித்தது. பின்னால் அவரே பெரிய கதாசிரியர் ஆனார்.

கெட்டிக்காரத்தனமான சமாளிப்புதான். ஆனால் அதற்குள் சைக்ளாப்ஸ் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்து குழந்தையும் பெற்றிருந்தார். ஜீன் வந்த செய்தி கேட்டதும் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அதை எத்தனையோ வாசகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை, நானும்தான். ஒரு மரணத்தை ரத்து செய்ததில் விழுந்த ஓட்டையை அடைக்க 1989-இன் இன்ஃபெர்னோ வரை போக வேண்டியிருந்தது.

இந்தத் தொந்தரவுக்கு மருந்து மனப்பழக்கம்தான். இந்த உலகில் மரணம் என்பது நீண்ட விடுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏற்கவே முடியாதவர்கள் 137-ஐ முடிவாக வைத்துக்கொண்டு, அதற்குப் பின் ஜீன் வருகிற எதையும் படிக்காமல் விடலாம். அப்படிப் படிக்கிற ஒரு நண்பர் எனக்கு உண்டு, நிம்மதியாக இருக்கிறார். 2019-க்குப் பின் வரும் கதைகளைப் படித்தால் இந்தக் கேள்வியே எழாது. அங்கே ஐந்து மியூட்டன்ட்கள் சேர்ந்து செத்தவர்களை முறைப்படி உயிர்ப்பிக்கிறார்கள், அதற்கு வரிசைகூட உண்டு.

“சினிமா பார்த்துவிட்டு வந்தேன். காமிக்ஸில் எல்லாம் வேறாக இருக்கிறது.”

உல்வரின் குள்ளம் என்பதில் தொடங்கும் அதிர்ச்சி. ஐந்தடி மூன்று அங்குலம், நாம் திரையில் பார்த்த ஆறடி ஆள் இல்லை.

நீங்கள் பார்த்த படத்திலிருந்தே உள்ளே நுழைவது நல்லது. 2003-இல் வந்த இரண்டாம் படம் பிடித்திருந்தால் 1982-இன் ‘காட் லவ்ஸ், மேன் கில்ஸ்’ படியுங்கள். படத்தில் ராணுவக்காரராக வரும் ஸ்டிரைக்கர் இங்கே தொலைக்காட்சியில் பிரசங்கம் செய்யும் மதபோதகர். மியூட்டன்ட் என்பதற்காகவே இரண்டு குழந்தைகள் கொல்லப்படுவதில் தொடங்கும் கதை. முன்கதை எதுவும் வேண்டாம், ஒரே புத்தகம், முடிந்துவிடும். எக்ஸ்-மென் எனக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரே ஒரு புத்தகம் கேட்டால் இதைத்தான் கொடுப்பேன்.

‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ படம் பார்த்தவர்கள் காமிக்ஸைத் தேடினால் ஏதோ பெரிய தலையணை மாதிரி புத்தகம் இருக்கும் என்று நினைப்பார்கள். மொத்தமே இரண்டு இதழ், 141-உம் 142-உம். படத்தில் கடந்த காலத்துக்குப் போவது உல்வரின், கதையில் போவது கிட்டி. 1981-இல் வந்த கதை காட்டுகிற பயங்கர எதிர்காலம் 2013. நாம் அதைத் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு படிப்பது ஒரு விசித்திர அனுபவம்.

உல்வரின் மட்டும் போதுமென்றால் 1982-இல் கிளேர்மான்டும் ஃபிராங்க் மில்லரும் செய்த நான்கு இதழ்க் கதை, ஜப்பானில் நடப்பது. ‘லோகன்’ படத்துக்குத் தூரத்துச் சொந்தம் ‘ஓல்ட் மேன் லோகன்’, 2008-இல் மார்க் மில்லர் எழுதியது. கதைச்சூழலும் சம்பவங்களும் படத்தோடு அதிகம் ஒட்டாது, அந்தக் களைத்துப்போன கிழவன் மட்டும் பொது.

தொண்ணூறுகளின் கார்ட்டூன் பார்த்து வந்தவர்களா? உங்கள் மனதில் இருக்கும் அந்த மஞ்சள் நீலச் சீருடைகள் ஜிம் லீ வரைந்தவை. நான் ஏமாந்த அதே 1991-இன் ஒன்றாம் எண் உங்களுக்குச் சரியாகப் பொருந்தும். யார் யாரென்று கார்ட்டூனே சொல்லிக் கொடுத்துவிட்டது.

“நவீனமாக ஏதாவது வேண்டும். பழைய பஞ்சாங்கம் வேண்டாம்.”

இரண்டு வாசல்.

2001-இல் கிராண்ட் மாரிசன் ‘நியூ எக்ஸ்-மென்’ 114-ஆம் இதழில் வந்தார். எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள், அதுதான் தொடக்கம். வந்த வேகத்தில், அடுத்த இதழிலேயே ஜெனோஷா என்ற மியூட்டன்ட் நாட்டில் 1 கோடியே 60 லட்சம் பேரை அழித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுகிறார். 154 வரை 41 இதழ்கள். கதை அபாரம். ஒரு குறை, ஃபிராங்க் குவைட்லி வரைந்த பக்கங்களின் அழகுக்குப் பழகிய கண்ணுக்கு நடுநடுவே ஓவியர் மாறுவது உறுத்தும். அந்த இதழ்களில் முகங்களே அடையாளம் தெரியாமல் போனால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.

2004-இல் ஜாஸ் வீடன் எழுதிய ‘அஸ்டானிஷிங் எக்ஸ்-மென்’ அடுத்தது. 24 இதழ்களும் முடிவுரையாக ஒரு பெரிய இதழும். முதலிலிருந்து கடைசி வரை ஜான் கஸ்ஸடே ஒருவரே வரைந்தார். அமெரிக்க மாதாந்திரக் காமிக்ஸில் அது அபூர்வம். கிட்டி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருவதில் தொடங்குகிறது. ஜீன் இப்போது இல்லை, சைக்ளாப்ஸும் எம்மா ஃபிராஸ்டும் சேர்ந்திருக்கிறார்கள் என்ற இரண்டு வரி தெரிந்தால் போதும். தொடக்க வாசகருக்கு இந்த இரண்டில் இதுதான் எளிது. ஆழம் மாரிசனிடம் அதிகம்.

இங்கிருந்து மேலே போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2005-இன் ‘ஹவுஸ் ஆஃப் எம்’ முடிவில் உலகத்து மியூட்டன்ட்களின் எண்ணிக்கை இருநூறுக்கும் கீழே போகிறது. அதற்குப் பின் ஏழெட்டு வருடம் எக்ஸ்-மென் எல்லோரும் ஏன் இவ்வளவு சோகமாகவும் சண்டைக்காரர்களாகவும் இருக்கிறார்கள் என்று குழம்பினால், காரணம் அது.

“ஹிக்மன் எழுதியதைத் திறந்தேன். கதைக்கு நடுவில் வரைபடமும் அட்டவணையுமாக இருக்கிறது.”

2019-இல் ஜோனதன் ஹிக்மன் ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’, ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ என்று இரண்டு தொடர்களை ஒரே நேரத்தில் கொண்டுவந்தார். ஆளுக்கு ஆறு இதழ். இரண்டாவதில் இருக்கும் எக்ஸ், ரோமன் எண் பத்து. ‘பவர்ஸ் ஆஃப் டென்’ என்றுதான் உச்சரிக்க வேண்டும். பத்து வருடம், நூறு வருடம், ஆயிரம் வருடம் என்று கதை தாவுவதற்கான சாவி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இது தெரியாமல்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள்.

மீதிப் பாதிப் பேர் முதலில் ஹவுஸ் ஆறையும் முடித்துவிட்டு, பின்னால் பவர்ஸ் ஆறையும் படித்தவர்கள். அப்படிப் படிக்கக் கூடாது. ஹவுஸ் 1, பவர்ஸ் 1, ஹவுஸ் 2, பவர்ஸ் 2, பவர்ஸ் 3, ஹவுஸ் 3, ஹவுஸ் 4, பவர்ஸ் 4, ஹவுஸ் 5, பவர்ஸ் 5, ஹவுஸ் 6, பவர்ஸ் 6. இரண்டையும் சேர்த்துப் போட்ட ஒரே தொகுப்பு வாங்கினால் இந்த வரிசையிலேயே இருக்கும். ஹவுஸ் 2 வரும்போது மொய்ரா என்ற பெண்ணின் கதையை மட்டும் மெதுவாகப் படியுங்கள். அது பிடிபட்டால் மற்றது தானாக விழும்.

டாம் முல்லர் வடிவமைத்த அந்த அட்டவணைப் பக்கங்களை முதல் வாசிப்பில் மேலோட்டமாகப் பார்த்தால் போதும். பரீட்சைக்கு வராது. இந்தக் கதையில் மியூட்டன்ட்கள் தங்கள் நாடாக்கிக்கொள்ளும் கிராகோவா என்ற தீவு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: 1975-இன் அந்த ஜெயண்ட்-சைஸ் இதழில் பழைய அணியைச் சிறைபிடித்த உயிருள்ள தீவுதான் அது. அந்த ஒரு இதழைப் படித்துவிட்டு 2019-க்கு வந்தால் போதும், நடுவில் 44 வருடம் தாண்டலாம்.

இந்தப் பன்னிரண்டுக்குப் பின் கதை பல தொடர்களாகச் சிதறுகிறது. எல்லாவற்றையும் துரத்தாதீர்கள். 2020-இன் ‘எக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்’ 22 பாகம், புதியவர்கள் மூச்சு வாங்கி உட்காரும் இடம் அதுதான். நான் சொல்வது ஜெப் வெல்ஸின் ‘ஹெல்லியன்ஸ்’, 18 இதழ், வில்லன்களும் அரைக் கிறுக்குகளுமான கூட்டம், சிரிப்பும் வயிற்றைப் பிசைவதும் ஒன்றாக வரும். அப்புறம் கீரன் கில்லனின் ‘இம்மார்ட்டல் எக்ஸ்-மென்’. 2024-இல் இந்தக் கிராகோவாக் காலம் முடிந்தது.

“எல்லாவற்றையும் விடுங்கள், இப்போது வருவதைப் படிக்க வேண்டும்.”

2024 ஜூலையில் தொடங்கிய புது வரிசை. ஜெட் மெக்கே எழுதும் எக்ஸ்-மென் அலாஸ்காவில், கெயில் சிமோனின் அன்கேனி லூசியானாவில், ஈவ் எல். யூயிங்கின் ‘எக்செப்ஷனல் எக்ஸ்-மென்’ சிகாகோவில் (இது 2025-இல் முடிந்துவிட்டது). தீவு போய்விட்டது, ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்கள் என்று தெரிந்தால் போதும். எங்கே தொடங்க என்றால் சிகாகோ: கிட்டி வளர்ந்து, புதிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள்.

“விலை கட்டுப்படியாகவில்லை. வால்யூம் எண்ணும் தொடர்ச்சியாக இல்லை.”

ஆம்னிபஸ் என்று போட்டிருப்பது நிறைய இதழ்களை ஒன்றாகக் கட்டிய தடித்த தொகுப்பு, பெயருக்கேற்ற கனம். படுத்துக்கொண்டு படித்துத் தூங்கிப்போனால் மூக்கு உடையும். விலையும் அப்படியே. பிடித்துப்போன பின் வாங்கலாம், பரிசோதனைக்கு வேண்டாம்.

மெல்லிய அட்டையில் தொகுப்பு வரிசையாக வரும் எபிக் கலெக்‌ஷன் தோது. அதில் ஒரு குழப்பம்: முதுகில் இருக்கும் எண் கதை வரிசையைச் சொல்கிறது, வெளியான வரிசையை இல்லை. இடையில் சில எண்கள் இன்னும் அச்சாகாமல் இருக்கலாம். கடையில் 4-க்குப் பின் 9 இருந்தால் கடைக்காரரைத் திட்டாதீர்கள். 5-ஆம் தொகுதி ஜெயண்ட்-சைஸ் இதழோடு தொடங்குகிறது. அதை எடுத்தால் முதல் தொந்தரவுக்கான மருந்து அப்படியே கையில்.

நிறையப் படிக்கப் போகிறீர்கள் என்றால் இணையத்தில் படிக்கிற மார்வெல் அன்லிமிடெட் சந்தாதான் மலிவு. புது இதழ் கடைக்கு வந்து மூன்று மாதம் கழித்து அங்கே ஏறும். போனில் படித்தால் கிளேர்மான்டின் எழுத்துக்குக் கண் வலிக்கும், டேப்லெட் வைத்துக்கொள்ளுங்கள்.

“எங்கே நிறுத்துவது?”

தொடரே நிற்காதபோது நாமாகத்தான் இறங்க வேண்டும். மாரிசனுக்கு 154, வீடனுக்கு அந்த முடிவுரை இதழ், ஹிக்மனுக்கு 2021-இன் இன்ஃபெர்னோ. கிளேர்மான்ட் வழியாக வந்தவர்களுக்கு 143. ஜான் பர்ன் வரைந்த கடைசி இதழ். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பெரியவர்கள் எல்லோரும் வெளியே போயிருக்கிறார்கள், அவ்வளவு பெரிய மாளிகையில் கிட்டி மட்டும் தனியாக, உள்ளே ஒரு பிசாசு நுழைந்துவிடுகிறது. 129-இல் ஒன்றும் தெரியாமல் நின்ற அதே பெண். அவள் அந்த இரவை எப்படிக் கடக்கிறாள் என்று பார்த்துவிட்டு, 144 வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.